மலையடிவாரத் தறியும் மாபெருங் கணிப்பொறியும்



பத்தாண்டுகளாகப் பாட்டையும் உரைநடையையும் போற்றி வளர்த்த ஓர் அவையில் இயந்திரம் ஒன்றைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. விடை எளிது. இன்று எழுதப்படும் கவிதை எதுவாயினும், அது ஏதேனும் ஒரு கணிப்பொறியின் நினைவகத்தைக் கடந்துதான் அச்சுத்தாளை அடைகிறது. அந்த நினைவகம் எழுத்து என்பதை எவ்வாறு கருதுகிறது, எதை எளிதில் ஏற்கிறது, எதற்கு இடமில்லை என்கிறது ஆகியவை இன்றைய மேசைக் கணிப்பொறியில் முடிவானவை அல்ல. அவற்றுள் பெரும்பகுதி 'மெயின்ஃபிரேம்' எனப்படும் பெருங்கணிப்பொறிகளின் காலத்திலேயே முடிவாகிவிட்டது. ஆகவே பெருங்கணிப்பொறியின் கதையில் தமிழெழுத்தின் கதையும் ஒரு பங்கு. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பொறியாளருக்கு உள்ள அளவு கவிஞருக்கும் உண்டு.

பெயரும் பொருளும்

'மெயின்ஃபிரேம்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் முதன்மைச் சட்டகம் என்பதாகும். தொடக்ககாலக் கணிப்பொறிகளில் கணக்கிடும் மின்சுற்றுகள் அலமாரி போன்ற பெரிய உலோகச் சட்டகங்களில் அடுக்கப்பட்டிருந்தன. அட்டைகளைப் படிக்கும் கருவி, அச்சிடும் கருவி, காந்த நாடாவைச் சுழற்றும் கருவி முதலியன தனித்தனியே சுற்றிலும் நின்றன. நடுநின்ற சட்டகத்தின் பெயர் நாளடைவில் அவ்வகை இயந்திரத்துக்கே ஆகிவந்தது. இலக்கணம் அறிந்தவர்கள் இதை ஆகுபெயர் என்று உடனே கண்டுகொள்வர்.

உருவத்தின் பெருமையால் மட்டும் ஓர் இயந்திரம் பெருங்கணிப்பொறி ஆகிவிடுவதில்லை. வானிலைக் கணிப்பு போன்ற கடினமான கணக்கு ஒன்றை மிக விரைவாகத் தீர்ப்பது மீத்திறன் கணிப்பொறியின் வேலை. பெருங்கணிப்பொறியின் வேலை வேறு. பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் கேட்கும் சிறுசிறு கணக்குகளை ஒன்றோடொன்று கலக்காமலும், ஒன்றையும் தவறவிடாமலும், இடையில் நின்றுபோகாமலும் முடித்துத் தருவதே அதன் கடமை. காப்பியம் புனையும் புலவருக்கும், ஊராரின் கணக்குகளையெல்லாம் பிழையின்றி எழுதிவைக்கும் ஊர்க்கணக்கருக்கும் உள்ள வேறுபாடு இது. புலவரின் புகழ் கணக்கருக்கு இல்லை. ஆனால் கணக்கர் ஒரு நாள் தவறினால் ஊரே தடுமாறும்.

தறியிலிருந்து வந்த அட்டை

இம்மலையின் அடிவாரத்தில் சேலம் நகரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் நெசவுக்குப் பெயர் பெற்றவை. வேட்டிக் கரையிலும் சேலை முந்தானையிலும் பூவேலை நெய்யும் தறிகளின் மேல், துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பர். அதுவே ஜக்கார்டு தறி. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டி இம்முறையை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல் மேலெழும். துளை இல்லையேல் எழாது. ஒவ்வோர் ஊடை ஓட்டத்துக்கும் ஓர் அட்டை. எழுவதும் எழாததுமாகிய இந்த இரண்டே நிலைகளிலிருந்து மயிலும் மாங்காயும் யாளியும் துணியில் பிறக்கின்றன.

கணிப்பொறியின் அடிப்படையும் இந்த இரண்டு நிலைகளே. ஒன்று, சுழி. அந்த ஒவ்வொரு நிலைக்கும் 'பிட்' என்று பெயர். தறியின் அட்டையை எண்ணும் பணிக்குக் கொண்டுவந்தவர் ஹெர்மன் ஹொலரித். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனிதர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை துளையிடப்பட்டது. அவர் தொடங்கிய நிறுவனமும் வேறு சிலவும் இணைந்து உருவான அமைப்பே பின்னாளில் ஐ.பி.எம். ஆயிற்று. 1928-இல் அந்நிறுவனம் 80 நிரல்கள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. ஒரு நிரலில் ஓர் எழுத்து. ஓர் அட்டையில் 80 எழுத்து. மனிதரின் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, ஊதியம் என எல்லாம் அந்த 80 இடங்களுக்குள் அடங்கியாக வேண்டும்.

அடிக்கு இத்தனை சீர் என்னும் கட்டுக்குள் பாடப் பழகியவர்களுக்கு இவ்வகை நெருக்கடி புதிதன்று. வெண்பாவின் ஈற்றடி முச்சீரில் முடிந்தாக வேண்டும் என்பது போல, பெயர் 20 நிரலில் முடிந்தாக வேண்டும் என்று ஓர் அலுவலகம் விதி வகுத்துக்கொள்ளலாம். வேறுபாடு ஒன்று உண்டு. யாப்பின் கட்டு பாட்டுக்கு அழகு சேர்க்கிறது. அட்டையின் கட்டோ பெயரை வெட்டியது. அந்த வெட்டு எத்தனை காலம் நீடித்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

அட்டைகளை இயந்திரத்திடம் ஒப்படைத்த முறைக்குத் தொகுதிமுறை என்று பெயர். பயன்படுத்துபவர் தம் நிரலை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். முறை வரும்போது இயந்திரம் அதைப் படித்துக் கணக்கிட்டு, விடையைத் தாளில் அச்சிடும். எங்கோ ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் விடைக்குப் பதில் பிழைப்பட்டியல் வரும். திருத்திய அட்டையைச் செருகி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். தளை தட்டிய வெண்பாவை ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பித் தரும் ஆசிரியரை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

வளையத்தில் நின்ற நினைவு

அட்டை படித்ததைக் கணிப்பொறி எங்கே வைத்துக்கொள்கிறது? 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை இதற்கு விடையாக நின்றது காந்த வளைய நினைவகம். கடுகளவேயான ஃபெரைட் வளையங்கள். குறளின் செறிவுக்குக் கடுகை உவமை சொன்ன பழம்புலவர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஒவ்வொரு வளையத்தையும் வலப்புறமாகவோ இடப்புறமாகவோ காந்தமாக்கலாம். ஒரு திசை ஒன்று என்றும் மறுதிசை சுழி என்றும் கொள்ளப்படும்.

இவ்வளையங்கள் கம்பிகளில் கோக்கப்பட்ட முறை அப்படியே நெசவு. நெடுக்கே சில கம்பிகள் பாவாக, குறுக்கே சில கம்பிகள் ஊடையாக, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு வளையம். ஒரு வளையத்தை மாற்ற வேண்டுமானால் அதன் நெடுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டமும் குறுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டமும் செலுத்துவர். பாதி மின்னோட்டத்துக்கு வளையம் அசையாது. இரண்டு பாதிகளும் கூடும் ஒரே ஓர் இடத்து வளையம் மட்டும் புரளும். ஆயிரக்கணக்கான வளையங்களுள் வேண்டிய ஒன்றை மட்டும் தொடும் வித்தை இதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் இதை 1953-இல் 'வேர்ல்விண்ட்' கணிப்பொறியில் நடைமுறைப்படுத்தினர். நுண்ணிய அக்கம்பிகளை வளையங்களுக்குள் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண் தொழிலாளர்கள்.

இந்நினைவகத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. இரண்டுமே கவிஞர் மனத்தைத் தொடுவன. ஒன்று, மின்சாரம் நின்றாலும் வளையம் தான் ஏற்றதை மறப்பதில்லை. இன்றைய கணிப்பொறிகளின் முதன்மை நினைவகம் மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும். அன்றைய வளையமோ பன்னாள் கழித்துக் கேட்டாலும் பழையதைச் சொல்லும். மற்றொன்று, அதைப் படிப்பதே அதை அழிப்பதாகும். வளையத்தில் இருப்பது ஒன்றா, சுழியா என்று அறிய, அதைச் சுழியின் பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும். புரண்டால் அதுவரை இருந்தது ஒன்று. அறிந்த அந்தக் கணமே அது அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை படித்ததும் இயந்திரம் அதை மீண்டும் எழுதியது. படிப்பதும் திரும்ப எழுதுவதும் ஒரே செயலாய் இருந்த நினைவகம் அது. ஏடு செல்லரிக்கும் முன் பார்த்துப் படியெடுத்துப் படியெடுத்தே இலக்கியத்தைக் காத்த மரபுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இத்தகைய நினைவகம் வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்து சேரவில்லை. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு தானே வடிவமைத்துக் கட்டிய 'டிஃப்ராக்' கணிப்பொறி 1960-இல் இயங்கத் தொடங்கியது. அதில் 2,700 வெற்றிடக் குழாய்களும் 2,048 சொற்கள் கொள்ளும் வளைய நினைவகமும் இருந்தன. இங்கே 'சொல்' என்பது பொருள் தரும் சொல் அன்று. ஒரே முறையில் எடுத்தாளப்படும் பிட்டுகளின் கூட்டத்துக்கே கணிப்பொறியியல் அப்பெயரை வைத்துக்கொண்டது.

தோட்ட நிர்வாகமும் கணிப்பொறி அமைப்பும்

பெருங்கணிப்பொறியின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலைக்குக் காப்பி வந்தது. அதைத் தொடர்ந்து வளர்ந்த தோட்டங்களின் நிர்வாக முறையே நல்ல உவமையாகும்.

தோட்டத்து நிர்வாகி ஒவ்வொரு கூடைப் பழத்தையும் தாமே நிறுத்துப் பார்ப்பதில்லை. கங்காணி ஆட்களைப் பிரித்து அனுப்புகிறார். கணக்குப்பிள்ளை எடையைக் குறிக்கிறார். வேலை முடிந்ததும் நிர்வாகிக்குச் செய்தி வருகிறது. பெருங்கணிப்பொறியிலும் அவ்வாறே. கணக்கிடும் மையச் செயலகம் மிக விரைவானது. அட்டை படிப்பதும் அச்சிடுவதும் நாடா சுழற்றுவதும் அதனோடு ஒப்பிட மிக மெதுவான வேலைகள். அவற்றுக்காக மையச் செயலகம் காத்திருந்தால் அதன் ஆற்றல் வீணாகும். ஆகவே 'சேனல்' எனப்படும் வாய்க்கால்கள் அமைக்கப்பட்டன. அவையும் சிறு செயலகங்களே. இன்ன நாடாவிலிருந்து இவ்வளவு எடுத்து இங்கே வை என்று ஆணை பெற்றதும், அவை தாமாக அதை முடித்துவிட்டு, 'முடிந்தது' என மையச் செயலகத்துக்கு ஓர் அழைப்பு விடுக்கும். அந்த அழைப்புக்குக் குறுக்கீடு என்று பெயர். தனிக் கணிப்பொறியிலிருந்து பெருங்கணிப்பொறியைப் பிரித்துக் காட்டும் முதற்பண்பு இந்த வாய்க்கால் அமைப்பின் வலிமையே.

ஒருவரின் வேலை நாடாவுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் மற்றொருவரின் வேலையைச் செய்வது இரண்டாம் பண்பு. இவ்வாறு பல வேலைகளை மாற்றி மாற்றிக் கவனிக்கும் மேற்பார்வையாளனாக இயக்க முறைமை என்னும் மென்பொருள் அமைகிறது. ஒருவரின் வேலை மற்றவரின் நினைவகப் பகுதியில் கைவைக்காதபடி வன்பொருளிலேயே பூட்டுகள் உண்டு. 1972-இல் ஐ.பி.எம். தன் 370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது. இருக்கும் நினைவகத்தைவிடப் பெரிய நினைவகம் இருப்பதாக நிரல் நம்பிக்கொள்ளலாம். தேவைப்படும் பக்கங்களை மட்டும் காந்த வட்டிலிருந்து கொண்டுவந்து வைத்து, தேவையற்றவற்றை அங்கே திருப்பி அனுப்புவது இயக்க முறைமையின் பொறுப்பு. ஒரே இயந்திரம் பல இயந்திரங்களாகத் தோற்றம் காட்டும் முறையும் அக்காலத்ததே. இன்று 'மேகக் கணிமை' என்று வியந்து பேசப்படுவதன் வேர் அங்கே இருக்கிறது.

மூன்றாம் பண்பு நம்பகம். சேலம் சந்திப்பில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே வண்டியில் எஞ்சியுள்ள ஒரே படுக்கையை ஒரே நொடியில் கேட்பதாகக் கொள்ளலாம். இருவருக்கும் அதைக் கொடுத்துவிடக் கூடாது. ஒருவரிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு, இடையில் மின்சாரம் நின்று, படுக்கையைக் கொடுக்காமலும் விட்டுவிடக் கூடாது. கொடுத்தால் முழுதும் கொடுக்க வேண்டும். இல்லையேல் எதுவும் நடவாததுபோல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதற்காக ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதப்படுகிறது. மாற்றப்படும் பதிவு அந்நேரம் பிறர் தொடாதபடி பூட்டப்படுகிறது. அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றுக்காக ஐ.பி.எம். அமைத்து 1964-இல் முழுமையடைந்த 'சேபர்' முன்பதிவு முறை இவ்வகையில் முன்னோடி. இந்திய இரயில்வேயின் கணிப்பொறி முன்பதிவு 1985-இல் டெல்லியில் தொடங்கிப் பின்னர் சென்னை முதலிய நகரங்களுக்குப் பரவியது. அதற்குப் பயன்பட்ட 'வேக்ஸ்' வகை இயந்திரங்களைப் பெருங்கணிப்பொறி என்று வகைப்படுத்துவதில்லை. ஆனால் கொடுத்தால் முழுதும், இல்லையேல் ஏதுமில்லை என்னும் நெறி இரண்டிலும் ஒன்றே.

தமிழ்நாட்டுக்கு வந்த இயந்திரங்கள்

1960களில் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. அளவில் சிறியது. ஆனால் பொறியாளர் தலைமுறை ஒன்றுக்கு அதுவே முதற்பள்ளி. அவ்வரிசையின் முதல் மாதிரியில் விந்தையான செய்தி ஒன்று உண்டு. அதில் கூட்டல் செய்வதற்கான தனி மின்சுற்று இல்லை. ஏழும் எட்டும் பதினைந்து என்பது போன்ற வாய்பாடு நினைவகத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. கூட்ட வேண்டியபோதெல்லாம் இயந்திரம் அதைப் பார்த்து விடை எழுதிற்று. கூட்டத் தெரியாத இயந்திரம் என்று மேனாட்டார் அதைக் கேலி செய்ததுண்டு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்து, கீழ்வாய் இலக்கக் கணக்கையும் நொடியில் சொன்ன தலைமுறையின் வழிவந்தவர்களுக்கு இது கேலிக்குரியதாகத் தோன்றாது. நினைவே கணக்காவது தமிழகத்துக்குப் பழகிய கல்விமுறைதான்.

1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெர்மானிய உதவியுடன் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அக்காலத்தில் நாட்டின் மிகப்பெரிய கணிப்பொறிகளுள் ஒன்று அது. அம்மாதிரியின் முதன்மை நினைவகம் 256 கிலோபைட் முதல் 2 மெகாபைட் வரை வைத்துக்கொள்ளக் கூடியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த மேல் எல்லையை எளிதில் தாண்டிவிடும். ஆனால் அந்த நினைவகம் வளையங்களால் ஆனது. 256 கிலோபைட் என்றால் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வளையங்கள். மெதுவான வளையத்துக்கும் விரைவான செயலகத்துக்கும் நடுவே 8 கிலோபைட் அளவில் விரைவுநினைவகம் ஒன்றும் இருந்தது. அடிக்கடி வேண்டியதை அருகில் வைத்துக்கொள்வதே அதன் பணி. அத்தகைய இயந்திரங்களுக்கு மேடைத்தளம் அமைத்து, அடியில் கம்பிகளை ஓட்டி, அறையை இரவுபகலாகக் குளிர்விக்க வேண்டும். ஏற்காட்டின் காலைக் குளிரைச் சென்னை வெயிலின் நடுவே விலைகொடுத்து உண்டாக்கியதாகக் கொள்ளலாம்.

பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் அரசின் விதியை ஏற்காமல் 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அதற்கு முன்பே, 1975-இல், கணிப்பொறிகளைப் பேணுவதற்கென அரசு தொடங்கியிருந்த சி.எம்.சி. நிறுவனம் அந்த இயந்திரங்களின் பராமரிப்பை ஏற்றது. உற்பத்தியாளர் போன பின்னும் இயந்திரங்கள் ஓடின. பிறர் செய்த இயந்திரத்தின் உள்ளத்தை அறியும் பயிற்சியை இந்தியப் பொறியாளர்களுக்கு அந்தக் கட்டாயம் தந்தது.

இத்துறையில் இந்த வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. அண்டையூராகிய ஈரோட்டில் 1933-இல் பிறந்த வி. ராஜாராமன் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களில் கணிப்பொறியியல் கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். ஃபோர்ட்ரான் முதலியவை பற்றிய அவருடைய பாடநூல்கள் மலிவு விலையில் இந்தியா முழுவதும் மாணவர் கைக்குச் சென்றன.

இயந்திரத்தின் வருகையை எல்லாரும் மகிழ்ந்து வரவேற்றனர் என்று சொல்வது வரலாறு ஆகாது. 1960களின் நடுவில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணிப்பொறி நிறுவப்படுவதை எதிர்த்து நீண்ட போராட்டம் நடத்தினர். அட்டைக் கட்டுகளில் தங்கள் வேலை மறைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். நடுவணரசு தண்டேகர் தலைமையில் தானியக்கம் பற்றிய குழுவை அமைத்தது. வங்கிகளில் கணிப்பொறி நுழைவதற்கான வழியை சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் வகுத்தது. வேலை இழப்பைப் பற்றி அன்று கேட்கப்பட்ட வினா புதிய இயந்திரம் வரும்போதெல்லாம் மீண்டும் கேட்கப்படுகிறது. கேட்கப்பட வேண்டியதும் ஆகும்.

அறுபதாண்டுச் சுழலும் ஈரிலக்க ஆண்டும்

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். தன் 360 வரிசையை அறிவித்தது. அதுவரை ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒவ்வொரு மொழி. இயந்திரம் மாறினால் நிரலைப் புதிதாக எழுத வேண்டும். 360 வரிசையில் சிறியதும் பெரியதுமாக ஆறு மாதிரிகள் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதிலும் ஓடும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் என்பது உலக வழக்காக நிலைபெறவும் அவ்வரிசையே பெருங்காரணம். அன்று செய்துகொடுத்த வாக்கு இன்றும் காக்கப்படுகிறது. 2025-இல் வெளிவந்த ஐ.பி.எம். இசட்17 பெருங்கணிப்பொறியும் அக்குடும்பத்தின் வழித்தோன்றலே. பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய நிரல்கள் உலகின் பெரிய வங்கிகளில் இன்றும் ஓடுகின்றன. தொல்காப்பியத்து விதி இன்றைய எழுத்திலும் செயல்படுவது போன்ற தொடர்ச்சி இது.

தொடர்ச்சி வரமும் ஆகும், சுமையும் ஆகும். 80 நிரல் அட்டையில் இடம் மிச்சப்படுத்துவதற்காக 1965 என்னும் ஆண்டை 65 என்று மட்டும் எழுதும் பழக்கம் தோன்றியது. அட்டை மறைந்து காந்த வட்டு வந்த பின்னும் பழக்கம் மறையவில்லை. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது 00 என்பது 1900-ஆ, 2000-ஆ என்று இயந்திரங்களுக்குத் தெரியாத நிலை ஏற்பட்டது. அதைத் திருத்தும் பணிக்காக 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் பிற நகரங்களிலும் இளைஞர் பலர், 1959-இல் தோன்றிய கோபோல் மொழியைப் புதிதாகக் கற்றனர்.

தமிழறிஞருக்கு இச்சிக்கல் பழையது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் சுழன்று வருகின்றன. 1927-இல் தொடங்கியதும் பிரபவ. 1987-இல் தொடங்கியதும் பிரபவ. ஏட்டின் இறுதியில் ஆண்டுப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போன படியெடுத்தவர், எந்தச் சுழற்சி என்று சொல்லாததால், ஆராய்ச்சியாளர்கள் வேறு சான்று தேடி அலைகின்றனர். எழுதுகிறவர் காலத்தில் ஐயம் இல்லை. ஐயம் பின்வருவோருக்கே. இடம் மிச்சமென்று இன்று விடுவது நாளை எவருக்கோ கடனாகிறது என்பதைப் பெருங்கணிப்பொறியும் பனையோலையும் ஒருங்கே கற்பிக்கின்றன.

ஏற்காடு என்னும் நான்கு எழுத்து

இனி எழுத்துக்கு வரலாம். துளையிட்ட அட்டைக்காலக் கருவிகள் பலவற்றில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண்கள், சில குறிகள் தவிர வேறெதற்கும் இடமில்லை. 360 வரிசையோடு வந்த குறியீட்டு முறையில் 256 இடங்கள் இருந்தன. அவற்றுள் பல வெற்றிடமாகவே கிடந்தபோதும் தமிழ் அங்கே நினைக்கப்படவில்லை. ஊதியப் பட்டியலிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் தமிழர் பெயர்கள் ஆங்கில எழுத்தில் நுழைந்தன. வலி, வழி, வளி ஆகிய மூன்றும் அந்த எழுத்தில் ஒன்றாகிவிடக் கூடும். நோவும் பாதையும் காற்றும் வேறுவேறு என்று இயந்திரத்துக்குச் சொல்ல வழியில்லை. நகரமும் ணகரமும் னகரமும் ஒரே எழுத்தாயின. 'ஏற்காடு' என்னும் பெயரில் ஏரியும் காடும் இருப்பதாக இவ்வூரார் விளக்குவர். ஆங்கிலத்தில் அதை ஏழு எழுத்தில் எழுதும்போது ஏரியும் தெரிவதில்லை, காடும் தெரிவதில்லை.

இந்திய மொழிகளுக்கான பொதுக் குறியீட்டு முறை 'இஸ்கி' 1988-இல் வகுக்கப்பட்டு 1991-இல் தரப்படுத்தப்பட்டது. அதே 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி 'இஸ்கி'யின் 1988 வடிவத்தை அடியொற்றியது. அதில் அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. 'க' முதலில் வைக்கப்பட்டு, அதன்மேல் புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்தால் 'க்' பிறக்கும். தமிழ் இலக்கணமோ மெய்யை அடிப்படையாகக் கொண்டு, உயிர் வந்து ஏறுவதால் உயிர்மெய் பிறப்பதாகக் கூறும். இயந்திரத்தின் இலக்கணம் தமிழின் இலக்கணத்துக்குத் தலைகீழாக அமைந்தது.

விளைவை இவ்வூர்ப் பெயரிலேயே எண்ணிப் பார்க்கலாம். 'ஏற்காடு' என்பது கற்றவர் கணக்கில் நான்கு எழுத்து. ஒருங்குறியில் ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக்குறி என ஏழு குறியீடுகள். இன்று பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக 21 பைட்டுகள். ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட்டுகளே. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் 'டேஸ்-16' முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. அதில் இப்பெயர் நான்கு குறியீடுகளில், 8 பைட்டுகளில் அடங்கும். ஆயினும் ஒருங்குறி உலகெங்கும் பரவிவிட்டது. ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்பது அதன் உறுதிமொழி. பழைய ஆவணங்கள் படிக்க முடியாமல் போய்விடக் கூடாது என்பதே காரணம். 1964-இன் வாக்குறுதியை ஒத்த காரணம்தான் இது. காரணம் நியாயமானது. ஆனால் முடிவெடுத்த வேளையில் இலக்கணம் அறிந்தோர் போதிய அளவில் அந்த அறையில் இல்லாமற்போனது இழப்பு.

இழப்போடு கதை முடிந்துவிடவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாட்டின் பயனாகத் தமிழ் விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. உயிரும் மெய்யும் அதில் இலக்கண முறைப்படியே சேர்கின்றன. 2019-இல் ஒருங்குறியில் தமிழுக்கு ஒரு துணைப்பகுதி சேர்க்கப்பட்டது. முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாய் இலக்கங்களும், பழைய ஆவணங்களில் வழங்கிய அளவைக் குறிகளும் அதில் இடம்பெற்றன. எண்சுவடியையும் பழங்கணக்குகளையும் கற்றவர்கள் சான்று காட்டி எடுத்துரைத்ததால் கிடைத்த இடம் அது. 320-இல் ஒரு பங்காகிய முந்திரிக்குக் கணிப்பொறியில் இடம் வாங்கித் தந்தது தமிழ்ப் படிப்பே.

அவையோருக்கு ஒரு வேண்டுகோள்

கவிஞர்கள் கணிப்பொறியின் மின்சுற்றைக் கற்க வேண்டியதில்லை. தறியை இயக்கத் தெரியாதவரும் சேலையின் கரையில் பூ தவறியிருந்தால் சொல்லிவிடுவர். அவ்வகைக் கண் போதும். அகராதி, எழுத்துரு, பிழைதிருத்தி, பேச்சை எழுத்தாக்கும் கருவி, மொழியைக் கற்றுக்கொள்ளும் இயந்திரம் என ஒவ்வொன்றும் உருவாகும் போது எழுத்தைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் ஏதேனும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. ஒருமுறை எடுத்த முடிவு அறுபதாண்டு ஆனாலும் அகலாது என்பதற்குப் பெருங்கணிப்பொறியே சான்று.

இம்மலையின் ஊர்ப்பெயர்கள், பழங்குடியினர் வழங்கும் சொற்கள், காப்பித் தோட்டத்து வழக்குகள், அடிவாரத்து நெசவாளர் தறிச்சொற்கள் ஆகியவற்றை மன்றத்தினர் தமிழெழுத்தில், சரியான வடிவில், ஆண்டும் இடமும் முழுமையாகக் குறித்துத் தொகுத்து வைப்பார்களானால், நாளைய இயந்திரம் படிப்பதற்கு அங்கே ஏதேனும் இருக்கும். வளைய நினைவகம் சொன்ன பாடமும் அதுவே. படித்தவுடன் மீண்டும் எழுதி வைக்காவிட்டால் படித்ததே அழிவாகிவிடும்.

மன்றம் மேலும் பல பத்தாண்டுகள் கண்டு வாழ்க.